கயிற்றில் தொங்கியவரின் கையெழுத்து

"குடையை மூடுங்க! உங்களைத்தான்... மூடுங்கன்னா மூடுங்க!"

கொட்டும் மழையில், ஹெலிகாப்டரை நோக்கி ஒய்யாரமாக நடந்து வந்தவனின் குடையைப் பாய்ந்து பிடுங்கி, கீழே போட்டு மிதித்தாள் அவள். தலைக்கு மேல் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. குடை மட்டும் பறந்து அதில் சிக்கியிருந்தால்...?

"அறிவிருக்கா? இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

நீர் சொட்டும் அவன் இமைகளுக்குள் இரண்டு பெரிய கண்கள்... கோபமே இல்லாமல் அவளைப் பார்த்தன. திட்டியவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

நிஜமான அதிர்ச்சி பத்து நிமிடம் கழித்து வந்தது.

"நம்ம புது டாக்டர்மா. இன்னைக்கு உன் கயித்துல தொங்கப் போறவர்!" என்றார் கயிறண்ணன். மீட்புக் கயிறு இறக்குபவரை நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளோ, தீயணைப்புத் துறையின் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டும் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வாளர் எத்தனை மார்க் போட்டாலும், 'பத்திரமாக உணர்ந்தேன்' என்று கயிற்றில் தொங்கியவர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். மன்னிப்புக் கேட்கலாமா? சே... காரியத்துக்காகக் குழைகிறாள் என்று நினைத்துவிட்டால்? உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மேலே போன பிறகு, தொங்குபவர் ஓட்டுபவளின் கண்ணுக்குத் தெரியமாட்டார். கதவோரம் படுத்திருக்கும் கயிறண்ணனின் குரல்தான் அவளுக்குக் கண்.

"இடது ரெண்டடி... பின்னாடி ஓரடி... ஐயோ, காத்து! டாக்டர் சுத்துறாரும்மா!"

காதுக்கருவியில் இன்னொரு குரல். "மேடம்... கண்ணை மூடிட்டேன். பயிற்சிக் கோபுரத்தோட சுவர் பக்கத்துலயா இருக்கு?"

"எனக்கும் தெரியலை டாக்டர். ஆனா உங்களை விடமாட்டேன்..." அதே மூச்சில் சொன்னாள்: "குடைக்கு மன்னிச்சிடுங்க!"

வீம்பு போன இடம் தெரியவில்லை. கை மட்டும் அசையாமல் நின்றது. சுழற்சி மெல்ல மெல்ல அடங்கியது.

தரையிறங்கியதும் அவன் படிவத்தை வாங்கி மடமடவென்று எழுதினான். கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

"மன்னிக்கணும்... என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். "பழி வாங்குறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! பத்திரமா உணர்ந்தேன்னு எழுதிட்டேன். இந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்க..."

'பயிற்சி பெறுபவருக்கு நீங்கள் உறவா?'

"இல்லைன்னு எழுதணும். காலையில நீங்க குடையைப் பிடுங்கினப்பவே... அப்படி எழுத மனசு வரலைங்க."

பின்னால் கயிறண்ணன் தேவையில்லாமல் இருமினார். காது வரை சிவந்தவள், நழுவவிருந்த பேனாவை அவன் விரல்களுக்குள் திணித்தாள்.

"தேதி போட்டு இல்லைன்னே எழுதுங்க டாக்டர்..." என்றாள், நிமிராமல். "அது இன்னைக்கு வரைக்கும்தானே உண்மை?"