மஞ்சள் கொடிக்குக் கீழே ஒரு பிணம்!

டெலிபோன் அலறியது!

ஜெயராணி கையிலிருந்த பாண் துண்டைப் பருப்புக் கறிக்குள் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ... ராணி டிடெக்டிவ் ஏஜென்சி, கண்டி..."

"ஐயோ, பிள்ளை! கொலை! எங்கட வீட்டில கொலை!"

கொலை!

ஜெயராணிக்கு உடம்பு சிலிர்த்தது. ஏஜென்சி தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கிற வேலையும், தொலைந்த நாயைத் தேடுகிற வேலையும்தான். ஒரு கொலை... ஒரே ஒரு கொலை கிடைத்தால் கதிர்காமத்துக்கு வருவதாக நேர்ந்தும் வைத்திருந்தாள்.

முருகன் கைவிடவில்லை!

"பதறாதீங்கம்மா. யார் பேசுறது? செத்தது யாரு?"

"நான் கட்டுகஸ்தோட்டையில இருந்து கமலாசனி கதைக்கிறன். செத்தது ரவிகுமார் எண்டொரு பெடியன். கப்பலில வேலை. என்ட மகள் மதனியைக் கேட்டு வந்தவன். சாகடிச்சது..." குரல் தாழ்ந்தது. "என்ட மனுசன்!"

"பொலிசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா மனுசனை உள்ள போட்டிடுவினம்! நீங்கள் கெதியா வாங்கோ. உங்கட அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேருமா வரவேணும்!"

"வர்றோம்."

"வரேக்க ரெண்டு பேரும் அடையாள அட்டையைக் கொண்டு வாங்கோ!"

டொக்!

பிணம் பார்க்கப் போகிறவளுக்கு அடையாள அட்டை எதற்கு? ஜெயராணி ஒரு விநாடி யோசித்தாள்... ஒரு விநாடி மட்டும்தான். கிடைத்த கொலை கைநழுவிப் போய்விடக்கூடாதே!

*

சதீஸின் ஓட்டோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை நோக்கிப் பறந்தது. சதீஸ், ஜெயராணியின் கணவன். அவளுடைய உதவியாளனும் அவனே, வாகனமும் அவனுடையதே.

"போன தடவையும் கொலைன்னுதான் சொன்ன. போய்ப் பார்த்தா கோழி!"

"இது மனுசக் கொலைங்க! கப்பல்காரன்! இந்தக் கேஸ் முடிஞ்சதும் என்னைய நுவரெலியாவுக்கு ஹனிமூன் கூட்டிட்டுப் போறீங்க, சொல்லிட்டேன்."

"கல்யாணமாகி அஞ்சு வருசமாச்சு. இனி எதுக்கு ஹனிமூன்?"

"போகவே இல்லையே, அதுக்குத்தான்!"

அவர்களுடையது வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம். சாட்சிக்கு ஆளில்லாமல், பஸ் ஸ்டாண்டில் நின்ற லொத்தர் டிக்கட்காரரையும் ரம்புட்டான் விற்ற அக்காவையும் கெஞ்சிக் கூட்டிப்போய்ப் பதிவு செய்த கல்யாணம். அதில் ஹனிமூன் எங்கே வருகிறது?

மகாவலிக் கரையோரம் ஒரு வீடு. வாசலில் உயரமான மூங்கில். அதன் உச்சியில்...

மஞ்சள் கொடி!

"யாராவது ஹாமுதுரு காலமாகிட்டாங்களா?" என்றான் சதீஸ். அந்தப் பக்கத்தில் சாதாரண மனிதர் செத்தால் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். மஞ்சள் கொடி பௌத்த பிக்குகளுக்கு.

விர்ர்ர்ர்ர்!

விசில்!

"நில்லுங்கோ! அதுக்கு மேல ஒரு அடி வைக்கக்கூடாது!"

வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் விசிலோடு ஒருவர் எதிரே வந்து நின்றார். நவரட்ணராஜா! வருகிற கப்பல்களில் நோய் இருக்கிறதா என்று துறைமுகத்தில் சோதித்துக்கொண்டிருந்த அதிகாரி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதிகாரத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

"அந்தக் கொடி எதுக்குங்க சார்?" ஜெயராணி கேட்டாள்.

"கப்பல் கரைக்கு வந்தா முதலில மஞ்சள் கொடி ஏத்தவேணும். 'எங்களிட்ட நோய் இல்லை, உள்ள விடுங்கோ' எண்டு கேக்கிற கொடி. டொக்டர் பாத்து அனுமதி குடுக்கும் வரைக்கும் ஒருத்தரும் ஏறேலாது, ஒருத்தரும் இறங்கேலாது!"

"இங்க கப்பல் எங்கங்க இருக்கு?"

"கப்பலில இருந்து வந்தவன் இருக்கிறானே! வாசலில வந்து நிண்டு தும்மினவன்! பின்வளவு அறையில போட்டுப் பூட்டிப்போட்டன்."

"டொக்டர் எப்ப வருவாரு?"

"நான் இன்னும் கூப்பிடேல்ல."

பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. கமலாசனி! முந்தானையால் கண்ணை ஒற்றியபடி ஜெயராணியை ஓரமாக இழுத்தாள்.

"நான் மிளகாய் வறுத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை. அந்தக் காரலில ஆர்தான் தும்மமாட்டினம்? நாளைக்கு அவனுக்குக் கப்பல். போனா ஒரு வருசத்துக்குத் திரும்பமாட்டான். கப்பலுக்குப் போற நேரம் வரைக்கும் பூட்டி வச்சிட்டு, பிறகு மதனியை லண்டன் மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுக்கிறதுதான் இவரின்ட யோசினை. நோய் ஒரு சாட்டு. பெடியன் கலஹாத் தேயிலைத் தோட்டத்தில பிறந்தவன் எண்டதுதான் இவருக்குத் தும்மல்!"

ஜெயராணிக்குச் சுருக்கென்றது. அவளும் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்தவள்தான்.

"சரிம்மா. எப்படிச் செத்தாரு?"

"விடிய இவர் அறைக்குள்ள புகை போட்டவர். எலியைக் கொல்லக் கப்பலுக்குப் போடுற மாதிரி! அதுக்குப் பிறகு சத்தமே இல்லை..."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் நவரட்ணராஜாவின் முகம் வெளுத்தது. "நான்... நான் சாம்பிராணிதான் கூடப் போட்டனான். கந்தகம் ஒரு சிட்டிகைதான்..." மனுசன் உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

"கதவைத் திறந்து பார்த்தீங்களா?"

"புகை போட்ட கப்பலைக் கண்டபடி திறக்கேலாது! சட்டம்!"

உயிர் போனாலும் சட்டம் போகாது!

*

பின்வளவில் ஒற்றை அறை. அதன் முதுகு ஆற்றைப் பார்த்திருந்தது. வீட்டிலிருந்து அறைக்கு ஓடிய துணி காயப்போடும் கயிற்றில் வட்டமாக ஒரு தகரம் கோத்திருந்தது.

"அது எதுக்குங்க?" என்றான் சதீஸ்.

"கப்பல் கயிறு வழியா எலி கரைக்கு இறங்கும். அதை மறிக்கிற தகடு."

சதீஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஜெயராணி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். உள்ளே மெல்லிய புகை. கட்டிலில்... தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை விரிப்பால் மூடிய உருவம்! இரண்டு சப்பாத்துகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அசைவே இல்லை!

"ரவிகுமார் போட்டோ இருக்காம்மா?"

கமலாசனி போனை நீட்டினாள். கப்பல் தளத்தில் நின்று சிரிக்கும் ஒல்லிப்பிச்சான்.

ஜெயராணி போட்டோவைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். விரிப்புக்குக் கீழே ஒரு தொந்தி மேடாக எழும்பியிருந்தது.

அவள் நெற்றியில் வியர்வை!

"என்னாங்க..." சதீஸின் காதில் கிசுகிசுத்தாள். "செத்தவன் ரவிகுமார் இல்ல!"

"என்னா சொல்ற?"

"உடம்பு ஒத்துப் போகல! அது வேற ஆளு! ரவிகுமார்தான் யாரையோ கொன்னுட்டான்... கொன்னுட்டு உள்ளேயே ஒளிஞ்சிருக்கான்!"

சதீஸ் ஓட்டோ நின்ற பக்கம் திரும்பினான். "அப்ப நாம போயிருவோமா?"

"அஞ்சு வருசமா ஒரு கொலைக்காக ஏங்கிக்கிட்டு இருக்கேன். போறதா? கதவைத் திறங்க சார்!"

"பிள்ளை, யோசிச்சுச் சொல்லு!" நவரட்ணராஜா குறுக்கே நின்றார். "ஏறினவையும் கப்பலைச் சேர்ந்தவைதான்! ஏறினா, கொடி இறங்கும் வரைக்கும் இறங்கேலாது!"

"பரவாயில்ல!"

கமலாசனி கணவனின் இடுப்பிலிருந்த திறப்பைச் சட்டென்று பறித்துக் கதவைத் திறந்தாள். ஜெயராணி சதீஸை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

தடார்!

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. வெளியே திறப்பு திரும்பும் சத்தம்!

இருட்டு... புகை... சாம்பிராணி வாசம்...

ஜெயராணி விரிப்பின் நுனியைப் பிடித்தாள். மெல்ல... மெல்ல... இழுத்தாள்.

பிணம் கண்ணைத் திறந்தது!

"சாட்சி ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?"

"அம்ம்ம்ம்மா!"

கத்தியது ஜெயராணியல்ல. சதீஸ்!

பிணம் எழுந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டது. "யா அல்லாஹ்! மூச்சு உட ஏலாம ஈக்கி! கல்யாணம் எழுத வந்த என்னையப் புடிச்சு மையத்தாக்கிப் போட்டாங்களே!"

"நீங்க... யாரு?"

"விவாகப் பதிவாளர் அமான்."

அலுமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் போட்டோவில் பார்த்த ஒல்லிப்பிச்சான். அவன் கையைப் பிடித்தபடி, தலையில் மல்லிகைப்பூவோடு ஒரு பெண்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் மதனி," என்றாள் அவள். "எல்லாம் அம்மாவின்ட திட்டம். இவர் படுத்தாப் புகைக்குத் தும்மிடுவார் எண்டுதான் பதிவாளரைப் படுக்க வச்சனாங்கள். நோட்டீஸ் எல்லாம் முதலே குடுத்தாச்சு. ரெண்டு சாட்சிதான் குறைவு. அப்பாவுக்குப் பயந்து இந்த ஊரில ஒருத்தரும் வரமாட்டினம்."

"உங்க அம்மா கையெழுத்து வைக்கலாமே!"

"வச்சிட்டு அப்பாவோட ஒரே வீட்டில எப்பிடி இருக்கிறது? கொலை எண்டாத்தான் நீங்கள் ரெண்டு பேரும் பறந்து வருவியள் எண்டு அம்மா சொன்னவ."

ஜெயராணிக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. கொலை போச்சு! கேஸ் போச்சு! கதிர்காமத்து நேர்த்தியும் போச்சு!

"நீங்க எல்லாரும் எப்படி உள்ள வந்தீங்க? வெளியில அந்த மனுசன் விசிலோட நிக்கிறாரே!"

ரவிகுமார் பின்கதவைத் திறந்தான். ஆற்று வெளிச்சம் உள்ளே கொட்டியது. படிக்குக் கீழே ஒரு தோணி, அதில் துடுப்போடு ஒருவன்.

"இவங்க ரெண்டு பேரும் தண்ணிப் பக்கமா வந்தாங்கக்கா. புகையும் இந்தப் பக்கமாத்தான் போயிருச்சு. நான் அப்பவே ஓடியிருக்கலாம். ஆனா மதனியச் சட்டப்படி கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சேன். நாளைக்கு நான் கப்பலேறிட்டா, எங்கம்மா வீட்டுல இவங்க என் பொண்டாட்டியா இருக்கணும். ஓடிவந்த பொண்ணா இருக்கக்கூடாது. கையெழுத்துப் போடுங்கக்கா..."

ஜெயராணி சதீஸைப் பார்த்தாள். சதீஸ் ஜெயராணியைப் பார்த்தான். அவளுக்கு அந்த ரம்புட்டான் அக்காவின் ஞாபகம் வந்தது. கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத இரண்டு பேருக்காக ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டவள். அன்றைக்கு அவள் மாட்டேன் என்றிருந்தால்?

ஜெயராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க போடணும்?" என்றாள். "அடையாள அட்டை கையிலதான் இருக்கு!"

*

துடுப்புச் சத்தம் கேட்டு நவரட்ணராஜா அறையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோது, தோணி கரையை விட்டு விலகியிருந்தது.

முதலில் அவர் கண்ணில் பட்டது ரவிகுமார்.

"உயிரோட இருக்கிறான்!" அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். "முருகா... நான் கொலைகாரன் இல்லை! கமலா, பெடியன் உயிரோட இருக்கிறானடி!"

அப்புறம்தான் அவனுக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

விர்ர்ர்ர்ர்ர்ர்!

"நில்! தோணியைத் திருப்பு! அனுமதி இல்லாமல் அசையக்கூடாது! சட்டம்!"

மதனி எழுந்து நின்றாள். தோணி ஆடியது. பதிவாளர் அமான் இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னார்.

"அப்பா!" ஆற்றுக்கு மேலாக அவள் குரல் கணீரென்று வந்தது. "உந்தச் சட்டம் வாற கப்பலுக்கு மட்டும்தான்! போற கப்பலுக்கு இல்லை!"

நவரட்ணராஜா மறுபடி ஊத விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

விசில் கீழே விழுந்தது.

"பிள்ளை சொல்லுறது..." அவர் தோணியையே பார்த்தார். "...சரிதான்."

"இவ்வளவு காவல் காத்தீங்களே சார், ஆத்துப் பக்கத்த எப்படி மறந்தீங்க?" பின்கதவில் நின்றபடி சதீஸ் கேட்டான்.

"நான் என்ட சீவியம் முழுக்கக் கரைப் பக்கத்திலதான் தம்பி நிண்டனான். கப்பலில இருந்து ஊருக்குள்ள வாறவனை மறிக்கிறதுதான் என்ட வேலை. ஊரை விட்டுத் தண்ணிக்குப் போறவளை மறிக்க எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்ல..."

தோணி சின்னதாகிக்கொண்டே போனது. அவருடைய வலது கை தானாக எழும்பி, மெல்ல அசைந்தது. மதனியும் அங்கிருந்து கையசைத்தாள். மனுசன் வேட்டி கட்டியிருந்தால் அதன் தலைப்பில் முகத்தைத் துடைத்திருப்பார். காற்சட்டை என்பதால் முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

கமலாசனி ஒன்றும் அறியாதவளாக மூக்கை உறிஞ்சினாள். "ஐயோ, எனக்கு ஒண்டும் தெரியாதப்பா!"

ஜெயராணி பெருமூச்சு விட்டாள். கொலை இல்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

"வாங்கங்க, போவோம்" என்று பின்கதவுப் படியில் காலை வைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

சாம்பிராணிப் புகையின் கடைசி இழை ஒன்று சதீஸின் மூக்குக்குள் புகுந்தது.

"ஹா... ஹா..."

"வேணாங்க! அடக்கிக்கங்க!" ஜெயராணி அலறினாள்.

"ஹாச்ச்ச்சூ!"

நவரட்ணராஜா மெதுவாகத் திரும்பினார். முகத்தில் இருந்த சோகம் போன இடம் தெரியவில்லை. குனிந்து விசிலை எடுத்தார்.

விர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

"கப்பலில ஏறினவை கப்பலைச் சேர்ந்தவைதான்! முதலே சொன்னனான்! உள்ள போங்கோ! ரெண்டு கிழமை! பதினாலு நாள்!"

"சார்! நாங்க டிடெக்டிவ்!"

"தும்மின டிடெக்டிவ்!"

முன்கதவு ஏற்கெனவே பூட்டு. இப்போது பின்கதவுக்கும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது!

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கமலாசனியின் முகம் தெரிந்தது. அவள் கண்ணில் ஒரு சிரிப்பு.

"கவலைப்படாதேங்கோ, பிள்ளையள். நேரத்துக்கு நேரம் சாப்பாடு வரும். இரவைக்கு இடியப்பமும் சொதியும்!"

ஜெயராணி தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் பொத்தென்று விழுந்தாள். விரிப்பில் இன்னும் பதிவாளரின் சூடு இருந்தது.

சதீஸ் அறையைச் சுற்றிப் பார்த்தான். கட்டில்... ஜன்னல்... ஆற்றுக் காற்று... தரையில் உதிர்ந்து கிடந்த மல்லிகைப்பூ. பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான்:

"ஹனிமூன், ஹனிமூன்னு உயிர வாங்கினியே ஜெயா... இந்தா ரூம், சாப்பாட்டோட! வாசல்ல கொடி வேற ஏத்தி வச்சிருக்காரு, ஒருத்தனும் வந்து கதவத் தட்டமாட்டான்!"