கார்டு அடித்த விசில்

"நான் விசிலடிச்சா செத்தவங்ககூட எழுந்து வந்து கதவைத் தட்டுவாங்க" என்று ரிட்டயரான ரயில்வே கார்டு சொல்லிக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. பால் ஊற்றுகிறவர், கீழ்வீட்டு டெய்லர், கார்டின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாகத் தனியே உட்கார்ந்து காலம் கழித்த மனிதர். பேச ஆளில்லாமல் உள்ளே தேங்கிப்போன பேச்சையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கிய புளுகுகளைத் திரும்ப ஏற்றினால், முன்னால் ஒரு எஞ்சின் பின்னால் ஒரு எஞ்சின் போட்டாலும் வண்டி நகராது. அவர் விசிலைக் கேட்டு ஒரு சரக்கு வண்டி கூச்சப்பட்டுப் பின்வாங்கியிருக்கிறது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் வழுக்கையில் முடி முளைத்திருக்கிறது.

மனைவி மட்டும் எதையும் நம்பியதில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே, கையில் இருக்கும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் "சும்மா அளக்காதீங்க" என்பாள். அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட புளுகும் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. இத்தனை காலத்தில் அவர் விசிலடிக்க உதட்டைக் குவித்து அவள் பார்த்ததே இல்லை. வேலைக்கென்று கொடுத்த இரும்பு விசிலை ஊதுவார், அது வேறு. வாயால் அடிக்கச் சொன்னால் ஒருநாள் தொண்டை கட்டியிருக்கும், இன்னொரு நாள் உதடு வெடித்திருக்கும். பல் விழ ஆரம்பித்தபோது லாட்டரி விழுந்ததுபோல் சிரித்தார். பல்லில்லாமல் எவனால் விசிலடிக்க முடியும்? அந்தச் சிரிப்பில் மண்ணைப் போட்டவள் மகள். பிடிவாதமாக அழைத்துப்போய்ப் பல் செட் கட்டி, கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் ஃபேன் காற்றில் வெயிலில் காய்ந்த துணி வாசனை சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசும்போதெல்லாம் புதுப் பல்லுக்கிடையே காற்று சன்னமாகச் சீறியது.

"இப்பத்தான் கடைவாய் வரைக்கும் பல்லு வந்துடுச்சே," என்றாள். "எழுப்புங்க பாப்போம், எந்தப் பொணத்தையாவது."

தப்பிக்க வழியில்லை. பள்ளிக்கூடத்து அணிவகுப்பு மெட்டு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு உதட்டைக் குவித்தார். வந்தது வேறு பாட்டு.

அவர் பையனாக இருந்தபோது ரேடியோவில் நாளெல்லாம் ஒலித்த பாட்டு. பிற்பாடு பாடியவர்களே மறந்திருப்பார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. கேட்டதும் சின்ன வயதில் மனதைக் கெடுத்த முகம் ஒன்று வந்து போகும். கார்டுக்கும் முகம் வந்தது. போகத்தான் இல்லை. மண்ணெண்ணெயும் கல்தூளும் மூக்கில் ஏறின. மூன்றாவது அடியின் கடைசியில் மெட்டு இறங்கி முடிய வேண்டும். அவர் உதடு இறக்கவில்லை. மேலே தூக்கி, நாய்க்குட்டி வாலைப்போல் ஒரு சுழி சுழித்து விட்டது.

துணி மடித்த கை நின்றது. "அந்தச் சுழிப்பு உங்க சிநேகிதன் ஒருத்தனுக்குத்தான் வரும்னு சொல்வீங்களே?"

அவர் பதிலைத் தேடுவதற்குள், கீழே, தெருக்கோடியில், டொக். டொக். டொக். தகர வாளியை யாரோ நகத்தால் தட்டினார்கள்.

"கேட்டியா?"

"என்னத்த? டெய்லர் எதையாவது தட்டிக்கிட்டிருப்பாரு."

சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தெருவில் யார் வீட்டிலும் தகர வாளி கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக்.

அந்தச் சிநேகிதன் கதை அவளுக்கு மனப்பாடம். கார்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லும் ஒரே கதை அதுதான். அவர் வளர்ந்த ரயில்வே குடியிருப்பில் ஒரு பையன். விசில் அத்தனை இனிமை என்பதால் 'குழல்' என்று பெயர். அடுத்த வரிசை வீட்டில் ஒரு பெண். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எப்போதும் தகர வாளியோடு திரிந்ததால் 'வாளிக்காரி'. பள்ளிக்கூட வயதுக் காதல். வெளிச்சம் மங்கும் நேரத்தில் குழல் அந்தப் பாட்டைச் சுழிப்போடு விசிலடிப்பான். வருகிறேன் என்பதற்கு அவள் வாளியை மூன்று தட்டுத் தட்டுவாள். ஒரு சாயங்காலம் அந்த விசிலை நம்பி ஓடியவள், கைவிடப்பட்ட கல்குவாரியில் விழுந்து செத்தாள். நான் அடிக்கவே இல்லை என்று குழல் அழுதான். குடியிருப்பே காதால் கேட்டிருந்தது, யார் நம்புவார்கள்? பெற்ற அப்பாவே பெல்ட்டால் வாயில் அடித்தார். கிழிந்த உதடு அதற்கப்புறம் குவியவே இல்லை.

கார்டு சொல்லாமல் விழுங்கிய பாதி ஒன்று உண்டு. அவருக்கும் அவள்மேல் ஆசை. ஒருநாள் குழாயடியில் அவர் விசிலடித்துக் காட்ட, எல்லோர் முன்னாலும் "கொதிக்கிற கெட்டில் மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவர் ஒரு கோடை முழுக்கக் காலி வேகனுக்குள் உட்கார்ந்து அந்தச் சுழிப்பைப் பழகினார். பிறகு குவாரியின் அக்கரையில், அவளுக்கும் தனக்கும் நடுவில் பாதையே இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு அடித்தார். மூன்று தட்டு. ஓடிவரும் காலடி. வாளி பாறையில் மோதும் சத்தம். தண்ணீர்ச் சத்தம் பிறகுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் பாருங்கள், அதுதான் அவர் அளந்த முதல் அளப்பு. எத்தனை அழகாக அளந்தார் என்றால், அவரே நம்பிவிட்டார்.

பல் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பிரயோசனமில்லை. மூச்சு விடும்போதெல்லாம் ஈறுகளுக்கு நடுவே பாட்டின் ஒரு துண்டு கசிந்தது. படியேறி இளைத்தால் முதல் அடி. நாற்காலியில் கண்ணயர்ந்தால் இரண்டாம் அடி. மூன்றாவதற்கு முன் வாயைப் பொத்திக்கொள்வார். பொத்திய விரல்களுக்கிடையே சுழிப்பு நழுவி வெளியே போகும். உடனே வாளி. முதலில் தெருக்கோடியில் தட்டியது பிறகு டெய்லர் கடை வாசலில் தட்டியது. பிறகு கீழ்ப்படியில்.

டெய்லர் மூன்று மாடி ஏறிவந்து சண்டை போட்டார். யாரோ படியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டு போகிறார்களாம், அதுவும் பச்சைப் பசேலென்ற தண்ணீர். தைத்து வைத்த வெள்ளைச் சட்டையில் பாசி ஒட்டிக்கொண்டதாம். ஈரமெல்லாம் இந்த வீட்டைப் பார்த்துத்தான் ஏறுகிறதாம். மனைவி அசரவில்லை. மொட்டைமாடி டேங்க் ஒழுகுகிறது, வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்க் கத்துங்கள் என்று அனுப்பிவிட்டாள். அன்று முழுக்கப் படிக்கட்டு காய்ந்து கிடந்தது.

மறுநாள் கதவிலேயே தட்டியது. கார்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். வாசலில் வட்டமாக ஒரு ஈரம், வாளியை வைத்து எடுத்ததுபோல.

"ஒருத்தரும் இல்லைங்க," என்றாள்.

கண்ணெதிரே வட்டம் காய்ந்து மறைந்தது.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. மனைவி 'இல்லை' என்று சொன்னால், இல்லாமல் போகிறது. அவளுடைய அந்த நம்பாத வாய்தான் வீட்டுக்குத் தாழ்ப்பாள். ஒரே ஒரு கதையையாவது நம்ப மாட்டாளா என்று காலமெல்லாம் ஏங்கிய மனிதர், இப்போது கன்றுக்குட்டி மாதிரி அவள் பின்னால் திரிந்தார். சமையலறை வாசலில் நின்றார். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கேட்டியா என்பார், இல்லை என்பாள். நல்லா கேளு என்பார், சும்மா அளக்காதீங்க என்பாள். அதைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, அவர் உதட்டையே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"அந்தச் சுழிப்பு," என்றாள் ஒருநாள், தலையணை உறை மாட்டிக்கொண்டே. "உங்க சிநேகிதனுக்கு அது தானா வந்துதா?"

"தானாத்தான்."

"உங்களுக்கு?"

கார்டு இருமினார். இருமலும் விசிலாகத்தான் வந்தது.

பிறகு அந்த மழை மத்தியானம். வானம் கறுத்து வீட்டுக்குள் இருட்டு இறங்கியது, கரண்டும் போயிற்று. மழை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல மெல்ல ஊறி வந்தது. நாட்பட்ட பாசி, நனைந்த கல்தூள், துருவேறிய தகரம். கார்டு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டார். இன்று ஒரு துளி காற்றும் வெளியே போகாது. உள்ளறையில் மனைவி காய்ந்தும் காயாததுமான துணியை மடித்துக் கையில் வைத்தபடி, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வருவது கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

விசில் கேட்டது.

மூக்கையும் விரலால் அடைத்துக்கொண்டார்.

விசில் நிற்கவில்லை.

அவர் அல்ல. வாயில் துண்டு. மூக்கில் விரல். விசில் வெளியிலிருந்து வந்தது. பால்கனிப் பக்கம். முதல் அடி. இரண்டாம் அடி. அவசரமே இல்லாமல். தண்ணீருக்கு அடியில் வெகுகாலம் பழகிய விசில்.

மூன்றாம் அடி. சுழிப்பு.

கால்கள் எழுந்தன. அவர் எழவில்லை. கால்கள் மட்டும். நாற்காலி பின்னால் சரிந்தது. பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. திறந்தது யார்? இடுப்பளவு கம்பி. கம்பிக்கு அப்பால் மழை.

மழைக்குள் அவள்.

நிற்க ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். அதே வயது. பாவாடையிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. ஒரு பக்கம் நசுங்கிய வாளி. கண் இருந்த இடத்தில் கல்தூள். குவிந்த உதடு.

அவர் கை துண்டைப் பிடுங்கப் போனது. பாதியில் திரும்பியது. கம்பியைப் பிடித்தது. நகம் கம்பியில் படும்படி ஆள்காட்டி விரல் தானாக வளைந்தது.

டொக். டொக். டொக்.

ஒரு கால் கம்பிமேல் ஏறியது.

பின்னால் மனைவியின் காலடி வந்து நின்றது. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. கண்ணால் கெஞ்சினார். சொல்லு. ஒரே ஒரு தடவை. தலையைத் தூக்காமல் சொல்வாயே, அதைச் சொல்லு.

அவள் தலையைத் தூக்கினாள். அவரைத் தாண்டி மழையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கம்பியைத் தட்டிய அந்த விரலைப் பார்த்தாள். கையில் மடித்து வைத்திருந்த துணியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது நெஜம்தாங்க," என்றாள். "வந்திருக்கா."