தேயிலை இல்லாத மலை

அக்கா வடிவு பாட ஆரம்பித்தால் ஷோபனாவுக்கு இமைக்கக்கூடத் தோன்றாது. ராகம் இழுத்துப் பாடுகிற பாட்டு இல்லை அது, ராப். வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும். அக்கா நடுவில் எங்கேதான் மூச்சு விடுகிறாள் என்று ஷோபனா எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருக்கிறாள். கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

ஷோபனா ஏழாம் வகுப்பு. வடிவு திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு ஜவ்வாது மலைக்கு வந்துவிட்டால், இருவரும் ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறிவிடுவார்கள். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். ஷோபனா பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போட, வடிவு பாடுவாள். அதைப் படம் பிடித்துத் தன் சேனலில் போடுவாள். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள்.

அந்த விடுமுறையில் ஒரு புது ராப் பாட்டு எல்லார் போனிலும் ஓடியது. பாடியவன் மலையடிவாரத்து ஒடுகத்தூரைச் சேர்ந்த அஜய் என்ற இளைஞன். பாட்டு ஜவ்வாது மலையைப் பற்றியது.

'ஜவ்வாது மலமேல ஜம்முனு நிப்பேன்,
தேயிலைத் தோட்டத்துல தேரு விடுவேன்!'

ஷோபனா விழுந்து விழுந்து சிரித்தாள். "தேயிலையா? நம்ம மலையிலயா? எங்க கீதுக்கா?"

வடிவு அந்தப் பாட்டின் கீழே எழுதினாள்: 'பாட்டு நல்லா இருக்குங்க. ஆனா எங்க மலையில தேயிலை கிடையாது.'

அவ்வளவுதான். அஜயின் ரசிகர்கள் வரிசையாக அவள்மேல் பாய்ந்தார்கள்.

'பஸ்ஸே வராத ஊருக்கு ராப் ஒண்ணு கேடா?'

'ராப்னா அது எங்க ஏரியா. நீ போய் புளியங்கொட்ட பொறுக்கு.'

அஜயும் எழுதியிருந்தான்: 'பாட்டுல போய் தப்பு கண்டுபிடிக்கிறீங்களே!'

வடிவு ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சேனல மூடிடலாம்னு பாக்கறேன்" என்றாள். ஷோபனாவுக்குப் பகீரென்றது. அக்கா பாடாமல் இருப்பதா?

மறுநாள் பாறைக்கு லட்சுமணன் வந்தான். அவன் அவர்களுடைய மாமா மகன், பன்னிரண்டாம் வகுப்பு. கோபத்தில் காதெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா வடிவு, சும்மா வுட்றதா? திருப்பிக் குடுக்கணும். நானே எழுதிக்கினு வந்துட்டேன், பாரு" என்று காகிதத்தை நீட்டினான்.

வடிவு படித்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது. எழுந்து நின்று பாட ஆரம்பித்தாள்.

'ஒடுகத்தூரு ஆளுக்கு மூளையே இல்ல,
ஒழுங்காப் பேச ஒருத்தனுக்கும் நாக்கு வரல...'

டக்கென்று ஷோபனாவின் தாளம் நின்றது.

"இன்னாடி, ஏன் நிறுத்திட்ட?"

"அக்கா, நம்ம ஈஸ்வரி சித்தியும் ஒடுகத்தூருதானே? சித்திக்கும் மூளை இல்லையா?"

லட்சுமணன் தலையைச் சொறிந்தான். "சித்திய வுட்டுட்டு மத்தவங்கள மட்டும்..."

"அப்ப பாட்டுலயே அதைச் சொல்லு. 'ஈஸ்வரி சித்தி நீங்கலாக'ன்னு."

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு நாளில் முதல் சிரிப்பு.

ஷோபனா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அந்த அண்ணன் பாட்டு எனக்குப் புடிச்சிருக்கு. நாக்கு எப்டி உருளுது பாத்தியா? தேயிலை மட்டும்தான் தப்பு. அவரு நம்ம மலைக்கு வந்திருக்கவே மாட்டாரு. வரச் சொல்லேன்."

"திட்டினவங்களுக்கு விருந்தா?" என்று லட்சுமணன் குதித்தான்.

"திட்டினது அவரு இல்லையே, அவரு ரசிகருங்கதானே?"

வடிவு லட்சுமணனின் காகிதத்தை மடித்து அவன் சட்டைப்பையிலேயே செருகினாள். உதடுகள் மெல்ல அசைந்தன. விரல்கள் தொடையில் தட்டின. ஷோபனா குடத்தை இழுத்துக்கொண்டாள். அந்தப் பார்வை வந்துவிட்டால் அக்காவுக்குள் பாட்டு வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

'நாக்குல நெருப்பு வச்ச அண்ணே,
நல்லாப் பாடுற, ஒத்துக்கறேன் அண்ணே!
தேயிலை தேடி அலையாதண்ணே,
தெனையும் சாமையும் வெளையுதண்ணே!
பலா இருக்கு, புளி இருக்கு,
பஸ்ஸு மட்டும் எப்பவோ இருக்கு!
ஏறி வாண்ணே எங்க ஊரு,
எல போட்டுச் சோறு போடும் பாரு!'

லட்சுமணனே தன்னை மறந்து கைதட்டினான். அவன் கையில்தான் போன் இருந்தது என்பதால் படம் கொஞ்சம் குலுங்கியது. அப்படியே போட்டார்கள்.

அதற்கும் சிலர் சண்டைக்கு வந்தார்கள். 'குடத்தத் தட்டினா ராப்பா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"இதுக்கு இன்னா போடலாம்?" என்றாள் வடிவு.

"ஆமாங்க, குடம்தான். தண்ணி புடிக்கற நேரம் போக மீதி நேரத்துல தட்றோம்னு போடு" என்றாள் ஷோபனா.

வடிவு அப்படியே போட்டாள். கேட்டவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். கெட்ட வார்த்தை எழுதியவர்களுக்கு மட்டும் அவர்கள் பதிலே எழுதவில்லை.

வாரக் கடைசியில் அஜய் ஒரு வீடியோ போட்டான். பின்னணி இசை இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. வெறும் முகம்.

"தேயிலைன்னு பாடினது என் தப்புங்க. மலைன்னாலே தேயிலைதான்னு நெனச்சிட்டேன். எங்க வூட்டு மாடியிலர்ந்து பாத்தா தெரியற மலை. ஒரு நாள்கூட ஏறிப் பாத்ததில்ல. அந்த அக்காவத் திட்டினவங்க தயவுசெஞ்சு எழுதினத அழிச்சிடுங்க. மொதல்ல அவங்க பாட்டக் கேளுங்க. இவ்ளோ நாளா நம்ம ஏரியா ராப்னா வேலூரு, ஆரணின்னே சொல்லிக்கினு இருந்தோம். மலையில இப்டி ஒருத்தர் பாடறாங்கன்னு நமக்குத் தெரியவே இல்ல."

ஷோபனா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இத்தனை பேர் எதிரில் தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும்! அவன் பாட்டைவிட இந்தப் பேச்சு அவளுக்கு அதிகம் பிடித்தது.

வடிவு பாட்டில் கூப்பிட்டபடியே அஜய் மலைக்கு வந்தான். பஸ்ஸிலிருந்து ராஜா மாதிரி இறங்குவான் என்று ஷோபனா காத்திருந்தாள். அவனோ மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளிறி, பஸ் படியருகே நின்ற லட்சுமணனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான்.

திட்டிப் பாட்டு எழுதிய லட்சுமணன்தான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான்.

மதியம் சாமைச்சோறு சாப்பிட்டதும் அஜய்க்குத் தெம்பு வந்தது. பாறைமேல் உட்கார்ந்து அவனும் வடிவும் சேர்ந்து ஒரு பாட்டு கட்டினார்கள். அவன் அடிவாரத்தைப் பாடினான், அவள் மலையைப் பாடினாள். கடைசி அடியை மட்டும் இருவரும் சேர்ந்து பாடினார்கள்.

அடுத்த மாதம் கண்ணமங்கலத்தில் ஒரு விழா. மேடையில் அஜய் பாடி முடித்ததும் அறிவிப்பாளர், "அடுத்து, அஜய் குழுவைச் சேர்ந்த வடிவு!" என்றார்.

அஜய் பாய்ந்துபோய் மைக்கை வாங்கினான். "என் குழு இல்லீங்க. அவங்க ஜவ்வாது மலை வடிவு. அப்டியே சொல்லுங்க."

வடிவு பாடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷோபனாவுக்கு அன்றைக்கும் அக்கா எங்கே மூச்சு விட்டாள் என்று தெரியவில்லை. கூட்டம் எழுந்து நின்றது.

பின்னால் யாரோ, "யாருடா அது? பின்றாங்களே!" என்று கேட்டார்கள்.

"தெரியாதா?" என்றான் ஒடுகத்தூர்ப் பையன் ஒருவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அது எங்க அக்கா!"

ஷோபனா வேகமாகத் திரும்பினாள். 'இல்ல, அது எங்க அக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, அவனைவிடப் பலமாகக் கைதட்டினாள்.