இருபத்து மூன்றாம் சுற்று

பெருங்குடி ரயிலில் காலை எட்டு மணிக்கு டை கட்டி நிற்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல, இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள். 2061-இல் அதுவே ஒரு பிழைப்பாகிவிட்டது. திசைமானி கன்சல்டிங்கின் நாலாவது மாடியில் ஜெபராணி கதவில் விரலை வைத்தாள். "இருபத்து மூன்றாம் சுற்றுக்கு நல்வரவு" என்றது கதவு. இங்கே கதவுகூட நுனிநாக்கில்தான் பேசும்.

ஆறாம் சுற்றில் தேறிய சந்தோஷத்தில் கல்லூரி வேலையை விட்டவள் அவள். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய சந்தோஷம். இன்று கடைசிச் சுற்று. தேறினால் வேலை. இல்லையென்றால் மறுபடி முதலாம் சுற்று.

பக்கத்து நாற்காலியில் தணிகாசலம். வயது நாற்பத்தேழு, சுற்று பத்தொன்பது.

"போன வாரம் மெஷின் என்ன கேஸ் சார் கேட்டுது?" என்றாள்.

"ஒரு துறைமுகத்துல கன்டெய்னர் ஏன் தேங்குதுன்னு. ஆறு மணி நேரம் தொண்டை வறளத் தீர்வு சொன்னேன். நேத்து நியூஸ்ல பாக்கறேன், நான் சொன்ன மாதிரியே கிரேனை மாத்தியிருக்காங்க!"

"நான் சொன்ன டைம் டேபிள்லதான் இன்னைக்கு ரயிலே ஓடுது. அது சரி, இங்க வேலை பாக்கற ஒருத்தரையாவது பாத்திருக்கீங்களா?"

தணிகாசலம் யோசித்தார். "வாட்ச்மேன்?"

"அவர் பன்னிரண்டாம் சுற்று சார்."

உள்ளே நேர்காணி காத்திருந்தது. கேள்வி கேட்கும் இயந்திரம். திரையில் எப்போதும் தலையாட்டும் ஒரு முகம்.

"ஜெபராணி, உங்கள் பயணத்தைக் கொண்டாடுகிறோம்."

"கேள்வியைக் கேளுங்க."

"ஓர் ஆலோசனை நிறுவனம். வாடிக்கையாளர்களின் சிக்கல்களை விண்ணப்பதாரர்களே நேர்காணலில் தீர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்நிறுவனம் யாரையாவது வேலைக்கு எடுக்க வேண்டுமா? இருபது நிமிடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. 'எடுக்கணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காரணம் வேண்டுமே. தேடிப் பிடித்த ஒவ்வொரு காரணத்தையும் அவளே இரண்டு வரியில் உடைத்தாள். ஆதாரமில்லாத பதிலைச் சொல்ல, இருபத்திரண்டு சுற்றில் பழகிய நாக்கு மறுத்தது.

எழுந்து பலகையில் கட்டம் போட்டாள். "வேண்டாம். மூணு காரணம்." பதினேழாம் நிமிடத்தில், யாரும் கேட்காமலே, ஒரு யோசனையும் சேர்த்தாள்: "கடைசிச் சுற்றுன்னு ஒண்ணு இருக்கறதே பலவீனம். முடிஞ்சதும் ஆள் போயிடுவாங்க. அதனால முடிக்கவே கூடாது."

"அபாரம். முழு மதிப்பெண். பரிந்துரை இப்போதே அமலுக்கு வருகிறது. இருபத்து நான்காம் சுற்றுக்கு வாழ்த்துகள்."

வெளியே வந்ததும், தங்கள் சுற்றுக்காகக் காத்திருந்த நாற்பது பேர் எழுந்தார்கள்.

"என்ன மேடம் ஆச்சு?" என்றார் தணிகாசலம்.

"ஃபுல் மார்க்."

கைத்தட்டல் எழுந்தது. "ஒருத்தராவது உள்ள போனீங்களே!" தணிகாசலத்தின் கண் கலங்கிவிட்டது. அதற்குள் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது. அவர் படித்தார். "இனிமே கடைசிச் சுற்றே கிடையாதாமே! எந்த முட்டாள் மேடம் இவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான்?"

"முட்டாள் இல்லை சார்." ஜெபராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்த வாதத்துல எங்க ஓட்டை இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

தணிகாசலம் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, யோசிக்க ஆரம்பித்தார்.