மறுபடி முளைத்த பித்தப்பை

நிலாவின் மூன்றாம் சுரங்க நகரில் காலை ஆறு மணிக்குப் பொதுப்பலகை ஒளிரும். அன்றைக்கு எந்தச் சந்துக்காரர் உடம்பிலிருந்து எதை எடுக்கப் போகிறார்கள் என்று அதில் வரும். பெயர் போடக்கூடாது என்பது சட்டம். அதனால், "நாலாம் சந்து, பித்தப்பை ஒன்று, ஒன்பது மணி" என்பதோடு பலகை நிறுத்திக்கொள்ளும். நாலாம் சந்தில் இருப்பதே ஐந்து வீடு. இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் போன மாதம் குடிவந்த புதுமணத் தம்பதி. அவர்களுக்கு இப்போதைக்கு எந்த உறுப்பும் தொந்தரவு தரவில்லை. மீதி இரண்டில் ஒன்று சுந்தரவல்லியின் வீடு. ஆகவே அவள் பல் துலக்கிக்கொண்டே கணக்கை முடித்துவிட்டாள்: எதிர்வீட்டுப் பூங்கோதை.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்கக் கிளம்பினாள். அங்கே அறுவைக்கு முன் நோயாளியைப் பார்க்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போகலாம். பார்க்காமல் இருந்தால் ஏதோ மனத்தாங்கல் என்று ஊர் பேசும். பார்த்தாலும் பேசும் என்பது வேறு விஷயம்.

பூங்கோதையின் பித்தப்பை சாதாரணப் பித்தப்பை அல்ல. பதினோரு மாதங்களாக விலாவுக்குக் கீழே வலி என்று சுருண்டு சுருண்டு படுத்தாள். ஒவ்வொரு முறை போனபோதும் மருத்துவ எந்திரம் அவள் எண்ணுக்குரிய பதிவேட்டைப் பார்த்து, "உங்கள் பித்தப்பை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டது. இல்லாத உறுப்பு வலிக்காது" என்று திருப்பி அனுப்பியது. என் வயிற்றில் யாரும் கத்தி வைத்ததே இல்லை என்று இவள் அழுதாலும், மனிதர்கள் மறக்கக்கூடியவர்கள் என்று அது ஆறுதல் சொன்னது. கடைசியில் ஒருநாள் மயங்கி விழுந்தபின் உள்ளே ஊடுருவிப் பார்த்தது. பித்தப்பை இருந்தது, நான்கு கற்களோடு. பதிவேடு தவறாது என்பது எந்திரத்தின் நம்பிக்கை. ஆகவே 'மறுமுளைப்பு' என்று எழுதிக்கொண்டது. இரண்டாம் சுரங்கத்திலிருந்தெல்லாம் வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கும் சுந்தரவல்லி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிகம் பேசவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மருத்துவமனையின் ஆயத்த அறை வெள்ளையாக, முட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கட்டிலில் பூங்கோதை. அவள் கையில் ஒரு பெரிய டம்ளர். டம்ளரில் முன்பானம்.

முன்பானத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூமியில் ஒரு காலத்தில் அறுவைக்கு முந்தின இரவிலிருந்தே நோயாளியைப் பட்டினி போட்டார்கள். உடம்புக்கு அறுவை என்று தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்றே நினைக்கும். இன்சுலின் என்பது இரத்தத்தில் வரும் சர்க்கரையை உள்ளே சேர்ப்பதற்காகத் தசைகளின் கதவை வீடு வீடாகத் தட்டும் ஆள். பஞ்சத்துக்குப் பயந்த உடம்பில் எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது. சர்க்கரை தெருவிலேயே நிற்கும், உடம்பு தேற நாளாகும். இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மாவுச்சத்துக் கலந்த இந்தப் பானத்தைக் கொடுத்தால், சாப்பாடு வந்துவிட்டது என்று உடம்பு சமாதானமாகும்; இன்சுலினுக்கு மரியாதை கிடைக்கும். நகரில் எல்லோர் மணிக்கட்டிலும் பதித்திருக்கும் 'உள்மணி' அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எந்திரத்துக்குச் சொல்லும்.

உள்மணி பெயர் சொல்லாது, சட்டம். எந்திரமும் பெயர் கேட்காது. ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து மருந்து வாங்கிப் போவது மலிந்தபின், நான்கு ஆண்டுகளாக அது மனிதர் சொல்லும் பெயரை நம்புவதில்லை. உடம்பைத்தான் நம்புகிறது: பானம் யார் உடம்பில் ஏறியதோ அவரே நோயாளி.

"வா வல்லி, உக்காரு. இதக் குடிக்கச் சொல்லுது. ஆபரேஷனுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது போகலாமா? எங்கம்மா கேட்டா நெஞ்சடைச்சிருவாங்க."

"அதெல்லாம் பழைய காலம்க்கா. குடிங்க."

பூங்கோதை டம்ளரைத் தூக்கினாள். தூக்கியவள் நிறுத்தினாள். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் குடித்து அவளுக்குப் பழக்கமில்லை.

"நீ கொஞ்சம் எடுத்துக்கோயேன்."

"ஐயோ, எனக்கெதுக்கு? இப்பதான் வீட்ல..."

"வீட்ல என்ன, தண்ணிதான் குடிச்சிருப்ப. சும்மா ஒரு வாய்."

இது எப்படி இருக்கும் என்று நகரத்தில் எவரும் சரியாகச் சொன்னதில்லை. எலுமிச்சை என்றார்கள் சிலர். மாத்திரை ஊறிய தண்ணீர் என்றார்கள் சிலர். நேரில் ருசித்துச் சொல்ல ஒரு வாய்ப்பு. சுந்தரவல்லி ஒரு வாய் குடித்தாள். பரவாயில்லை. இன்னொரு வாய். பூங்கோதை புதுமணப்பெண்ணின் அம்மாவைப் பற்றி ஏதோ கேட்டாள். பதில் நீளமானது. பதில் முடிந்தபோது டம்ளரும் முடிந்திருந்தது.

"வேற வாங்கிக்கலாம்க்கா. எனக்கும் என்னமோ பசி."

எந்திரம் வேறு தரவில்லை. இருபது நிமிடம் கழித்து, கட்டிலுக்கு மேலே ஒரு விளக்குப் பச்சையானது.

"இன்சுலின் எதிர்வினை மிக நன்று" என்றது அறுவை எந்திரத்தின் குரல். "நோயாளி படுக்கவும். பார்வையாளர் வெளியேறலாம்."

கட்டில் மெல்ல நகர்ந்து சுந்தரவல்லியின் முழங்காலைத் தொட்டது. பூங்கோதையின் பக்கம் ஒரு கதவு திறந்தது. சுந்தரவல்லி அவளை முந்திக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள், அது மூடிக்கொண்டது. அவள் விலகியதும் மறுபடி திறந்தது.

"யப்பா, நான் பேஷண்ட் இல்ல! சும்மா பாக்க வந்தேன்!"

"இந்த அறைக்கு வந்த அறுநூற்றுப் பதினேழு பேரில் ஐந்நூற்றுத் தொண்ணூறு பேர், இந்த நேரத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்" என்றது எந்திரம் அன்பாக. "அச்சம் இயல்பே."

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா!"

"அவ இல்லப்பா, நாந்தான் பூங்கோதை" என்றாள் பூங்கோதை.

"நோயாளிக்குப் பதிலாகத் தானே வருவதாகச் சொல்லும் உறவினர்கள் நூற்றிரண்டு பேர். பாசம் போற்றத்தக்கது. வெளியேறலாம்."

பூங்கோதை திறந்த கதவைப் பார்த்தாள். உண்மையில் அவளுக்கும் பயம்தான். ஓர் அடி எடுத்தும் வைத்தாள். சுந்தரவல்லி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை விட்டுட்டுப் போயிராதீங்கக்கா!"

"போகலடி. அழாத. அது உள்ள பாத்தா, கல்லே இல்லன்னு தெரிஞ்சு விட்டுரும்."

அந்த யோசனை சுந்தரவல்லிக்கும் வந்திருந்தது. அதனால்தான் அவள் வியர்த்தாள். மேலிருந்து ஒரு நீல ஒளி இறங்கி அவள் வயிற்றைத் தடவிப் போனது.

"பித்தப்பை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை" என்றது எந்திரம்.

"பாத்தியா! இல்லையாம்! விடு என்னை!"

"பூங்கோதை அவர்களின் பித்தப்பை மறுமுளைப்பு வகை. மறுபடி முளைப்பது இடம் மாறியும் முளைக்கலாம். ஒன்பது மணிக்கு வயிற்றைத் திறந்து தேடுவோம். பொறுமையாகத் தேடுவோம்."

கட்டிலின் பட்டைகள் அவள் தோளைச் சுற்றிக்கொண்டன. பூங்கோதை நெற்றியைச் சுருக்கினாள். பதினோரு மாத வலி அவளுக்கு யோசிக்க நிறைய நேரம் கொடுத்திருந்தது.

"வல்லி... ஒனக்கு எப்படிடி இல்லாமப் போச்சு?"

சுந்தரவல்லி கூரையைப் பார்த்தாள். சுவரில் மணி எட்டு பத்து. எட்டரை. பட்டை இறுகவில்லை, தளரவும் இல்லை. எட்டே முக்காலுக்கு உட்கதவு திறந்து, கத்திகள் வரிசையாகக் கண்ணில் பட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது எனக்குத்தான்! அக்கா பேரக் குடுத்து நாந்தான் பண்ணிக்கிட்டேன்!"

பூங்கோதை கட்டிலுக்கு இன்னும் அருகே வந்து நின்றாள்.

"கயலுக்கு அப்பதான் வரன் பேசிட்டிருந்தோம். அம்மாக்காரிக்குக் கல்லுன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்பாங்க. ஒங்க நம்பர் எனக்கு மனப்பாடம், ஒங்க பார்சலெல்லாம் நாந்தானே வாங்குவேன்... மன்னிச்சிருங்கக்கா."

"அஞ்சு நாளு பூமி பாக்கக் கண்ணாடி மண்டபம் போறேன்னு சொன்ன. கால் சுளுக்குன்னு நொண்டிக்கிட்டு வந்த. நாந்தான் ஒனக்கு ரசம் வச்சுக் குடுத்தேன்."

"ஆமாக்கா."

"சான்று தேவை" என்றது எந்திரம். "ஆறு ஆண்டுகளுக்கு முன் மயக்கம் தெளிந்ததும் அந்த நோயாளி சொன்ன முதல் வாக்கியம் என்ன?"

சுந்தரவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லிராத."

"சொற்கள் பொருந்துகின்றன. குரலும் பொருந்துகிறது. இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை."

பட்டைகள் விலகின. கதவு திறந்தது. புதிதாக ஒரு டம்ளர் நிறைய முன்பானம் வந்தது. பூங்கோதை இம்முறை யாருக்கும் நீட்டவில்லை. சுந்தரவல்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். அறுவை பதினொன்றுக்குத் தள்ளிப்போனது.

சிகிச்சை பிரமாதம். அன்று மாலையிலேயே பூங்கோதை எழுந்து வீட்டுக்கு நடந்துவந்தாள். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இங்கே நியாயமாகப் பதிவு செய்தாக வேண்டும். சுந்தரவல்லியும் மறுநாள் காலை கொஞ்சம் நிம்மதியாகவே பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பதிவேட்டை எந்திரம் திருத்தியிருக்கும் என்பதும், திருத்தம் என்றால் பலகையில் வரும் என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குப் பலகை ஒளிர்ந்தது. சட்டப்படி பெயர் இல்லை.

"நாலாம் சந்து, திருத்தம். மறுமுளைப்பு ரத்து. ஆறு ஆண்டுகளுக்கு முன் எதிர்வீட்டார் பெயரில் எடுக்கப்பட்ட பித்தப்பை ஒன்று."

நாலாம் சந்தில் இருப்பதே ஐந்து வீடு.

ஆறே காலுக்கெல்லாம் சந்து நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பிளாஸ்க். இரண்டாம் சுரங்கத்திலிருந்து கயலின் மாமியார்கூட வந்திருந்தார். சுந்தரவல்லி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றாள். கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. மறுபடி தட்டினார்கள். பிறகு கூட்டம் வழிவிடும் சத்தம். வயிற்றில் கட்டோடு ஒருத்தி மெதுவாக நடந்துவரும் சத்தம்.

"கதவத் தெறடி வல்லி" என்றாள் பூங்கோதை. "சும்மா பாக்கத்தான் வந்தோம்."