பழுப்புத் தாளில் ஹெஸ்டர்

அக்காவின் இடது புருவத்தில் இருந்த தழும்பைக் காணவில்லை.

ஜாஸ்பர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அவனே போட்ட தழும்பு அது. ஐந்து வயதில் கோபத்தில் அவன் எறிந்த பம்பரம் அக்காவின் புருவத்தை இரண்டாகப் பிளந்தது. இருபத்தெட்டு வருஷமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் ஹெஸ்டர் புருவத்தைத் தொட்டுக் காட்டுவாள், சண்டை அதோடு முடிந்துவிடும். இப்போது ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், புருவம் வெட்டே இல்லாமல் ஒரே கோடாக ஓடுகிறது. லண்டனின் ஜனவரி வெளிச்சத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது. பதினோரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடும். நடுவிலும் கரிப்புகை கலந்த மஞ்சள் மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கொண்டு, அறைக்குள் ஈரக் கம்பளி நாற்றத்தைப் பரப்பும். கண் ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“என்னடா அப்படி முறைக்கிற? கொம்பு கிம்பு முளைச்சிருக்கா?” என்றாள் ஹெஸ்டர்.

“அசையாத அக்கா.”

“ஒன்பது நாளா அசையாமத்தான் இருக்கேன். சிலைன்னா புறாவாவது வந்து உக்காரும்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரல் கண்காட்சிக்குப் போக வேண்டிய பத்தடி ஓவியம் பின்னால் சுவரோடு நிற்கிறது. துறைமுகம், கயிறுகள், மீன் கூடைகள் எல்லாம் முடிந்தாயிற்று. திரும்பாத கப்பலுக்காகக் காத்து நிற்கும் மாலுமியின் மனைவிக்கு மட்டும் முகம் இல்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து அவன் படங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால், தூரிகையை மூட்டை கட்டிவிட்டு மாமாவின் விதைக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு முகத்துக்காகத்தான் பழுப்புத் தாளில் கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் அக்காவை வரைந்து வரைந்து அழிக்கிறான்.

அழிப்பதற்கு ரொட்டி. முந்தின நாள் ரொட்டியின் நடுச்சதையைப் பிசைந்து ஒற்றினால் கோடு தாளை விட்டு வந்துவிடும். வீட்டில் தின்னும் ரொட்டியைவிட இவன் தேய்க்கும் ரொட்டிதான் அதிகம் என்று ஹெஸ்டர் தினமும் புலம்புவாள். மாலுமியின் மனைவிக்குத் தழும்பு எதற்கு என்று நேற்று சாயங்காலம் படத்துப் புருவத்தில் அதை ஒற்றியெடுத்தது அவனுக்கு நினைவு வந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போடுவது பைத்தியக்காரத்தனம். வேலையைப் பார்த்தான்.

இன்றைக்கு வாய் வம்பு செய்தது. ஹெஸ்டருக்கு எப்போதும் வலது உதட்டோரம் கேலியாக மேலே ஏறி நிற்கும். கடலைப் பார்த்துக் கலங்கும் பெண்ணுக்கு அது ஆகவே ஆகாது. நாலு முறை வரைந்தான், நாலு முறையும் அந்தக் கேலி வந்து உட்கார்ந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியால் அந்த ஓரத்தைத் துடைத்து, நேராக ஒரு கோடு போட்டான். படத்தில் சரியாக இருந்தது. ஒன்பது நாளில் முதல் முறையாகச் சரி.

“ஒருவழியா உன் மூஞ்சி தெளிஞ்சிருக்கு. நாளைக்கு மழைதான்,” என்று சொல்லி ஹெஸ்டர் சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. தோள்கள் குலுங்கின. உதடு நேர்கோடாகவே இருந்தது.

ஜாஸ்பர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். “சிரி அக்கா,” என்றான்.

“சிரிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன்.”

அப்போதே அந்த உதட்டோரத்தைத் திரும்பப் போட்டிருக்கலாம். இரண்டு கோடு, அரை நிமிஷம். கை சுண்ணக்கட்டி வரை போனது. ஆனால் படத்தில் வாய் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. முகம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையை இழுத்துக்கொண்டான்.

மீதி கண்கள். அவை அவனைப் பாடாய்ப் படுத்தின. ஒருமுறை கோபம் வந்தது, ஒருமுறை தூக்கம். அடுத்த முறை, தம்பிக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் அக்காவின் கண்களேதான் வந்தன. ஏக்கம் மட்டும் வரவில்லை. தெருவில் கரிவண்டி கடகடத்துப் போனது. கணப்பில் ஒரு கங்கு உடைந்து விழுந்தது. அதுகூட அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கை ரொட்டியை அள்ளி, இரண்டு கண்களையும் சேர்த்து, தாள் வெறுமையாகும் வரை தேய்த்தான்.

“ஜாஸ்பர், இருட்டிடுச்சாடா?”

மணி ஒன்றரை. ஜன்னல் மஞ்சளாக இருந்தது.

அவன் வரைபலகைக்குப் பின்னாலேயே நின்றான். எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு கை சுவரைத் தடவும் சத்தம். பார்த்தான்.

புருவங்களுக்குக் கீழே வெறும் தோல். வழவழப்பாக. ஒரு ரொட்டித் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“விளக்க ஏத்துடா. பயமா இருக்கு.”

“உக்காருக்கா. அசையாத. ஒரு நிமிஷம்.”

கறுப்பு. வெள்ளை. கட்டி ஒடிந்தது, துண்டால் வரைந்தான். இமை. விழி. ஓரத்தில் ஒரு புள்ளி வெள்ளை. படத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கண்காட்சியைப் பற்றி யோசிக்கவில்லை. தெரிந்த கண்களை வரைந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு உயிருள்ள கண்களை வரைந்ததில்லை.

“தெரியுது,” என்றாள் ஹெஸ்டர் மெதுவாக. “தெரியுதுடா. உன்னைத் தெரியுது.”

பலகையைச் சுற்றி ஓடி அவள் முன்னால் மண்டியிட்டான். கண்கள் இருந்தன. அவனைப் பார்த்தன. ஓரங்களில் கறுப்புத் தூள் லேசாக உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்குப் பால் நினைவு வந்தது. சுண்ணக்கட்டிப் படம் முடிந்தால் ஆடை எடுத்த பாலைத் தெளிப்பார்கள், அப்போதுதான் தூள் தாளைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் படமும் திருப்தியாக முடியாததால் இந்த ஒன்பது நாளில் அவன் பாலைத் தொடவே இல்லை. பால் தெளிக்கும்வரை எல்லாம் வெறும் தூள்.

அவள் கண்கள் நிறையத் தொடங்கின.

“அழாதக்கா,” என்றான். “உன் கால்ல விழறேன், அழாத.”

தம்பி இவ்வளவு கனிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு இன்னும் பொங்கிவந்தது.

முதலில் கீழிமை கரைந்தது. பிறகு இடது விழி, நனைந்த கறுப்பாக, மெல்ல நழுவியது. கன்னத்தின் பாதிவரை இறங்கிய பிறகும் அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.