வேலியை யார் வெட்டுவது?

காலையில் வெட்டிவிட்டுப் போன வேலிச்செடி மாலைக்குள் வளர்ந்திருந்தது. எல்லா இடத்திலும் அல்ல. கதவோரத்து மூலையில் மட்டும் ஒரு சின்ன மேடு எழும்பி, தளிர்கள் ஈரமாகப் பளபளத்தன. சின்னவள் தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள். வெட்டிய கையோடு இப்படி வளர, செடிக்குத் திமிர்தான் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

வாடகை வீட்டுச் சமாச்சாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வாள், கூரை சொட்டினாலும் அவளே ஆள் அனுப்புவாள். தோட்டத்தை மட்டும் குடியிருப்பவர் தலையில் கட்டிவிடுவாள். வேலி ஒழுங்காக இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லி வீட்டைக் கைமாற்றிவிட்டவள் அக்கா. அதுவரை அங்கே குடியிருந்தவள், வேறு ஊரில் வேலை என்று திடுதிப்பெனக் கிளம்பினாள். தோட்டம் கொஞ்சம் வேலை வாங்கும், மற்றபடி சொர்க்கம் என்றாள்.

சின்னவளுக்குச் சொர்க்கமெல்லாம் வேண்டாம். புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து அவள் மகள் விடுதியில்தான் வளர்ந்தாள். இந்த வீடு கிடைத்த பிறகுதான் பிள்ளையைக் கூட்டிவர முடிந்தது. வீடு போனால் பிள்ளை மறுபடி விடுதிக்குப் போகும். அதனால், தோட்டத்தை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று அக்கா அழுத்திக் கேட்டபோது, பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கத்தரியோடு வெளியே வந்து, வேலியின் மறுகோடியிலிருந்து வெட்டத் தொடங்கினாள். கத்தரி அவளுக்குப் புதிதல்ல. பெண்களுக்கு முடி வெட்டுவதுதான் பிழைப்பு. தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்து, எதிர்வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தமும் ஓய்ந்து, கத்தரி வாய் திறந்து மூடும் ஓசை மட்டும் மதிலுக்கும் சுவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்க, வெட்டிப்போட்ட தழையிலிருந்து எழுந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாக மூக்கில் ஏறியபோது, அவள் கை தயங்கியது. அது தழை வாடை இல்லை. கடையில் நாள் முழுக்க முகர்ந்து பழகிய வாடை. எண்ணெய் ஊறி, வியர்த்து, காயாமல் முடிந்துவைத்த தலைமுடியின் வாடை.

கடையிலிருந்து உடம்போடு வந்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். வேலியின் நடுவில் பழைய மேடு ஒன்று, முற்றிய இலைகளோடு கழுத்தும் தோளுமாகச் சரிந்திருந்தது. அக்கா அழகுக்காக வெட்டிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் விரல்களை நுழைத்தாள். யார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாலும் அவள் விரல் முதலில் சுழியைத்தான் தேடும். முடி எந்தப் பக்கம் படியும் என்பது சுழியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போதும் விரல் தானாகவே தேடியது. கிடைத்தது. இலைகள் வட்டமாகச் சுற்றி அடங்கும் ஓரிடம். அதை ஒட்டியே, எதிர்ப்பக்கமாகச் சுற்றும் இன்னொன்று.

இரட்டைச் சுழி. அக்காவின் தலை. அவள் முடி வெட்டக் கற்றுக்கொண்டதே அந்தத் தலையில்தான்.

இலைகளை விலக்கினாள். ஒரு காது இருந்தது. பச்சையாக. வெதுவெதுப்பாக.

போன் செய்தாள். காத்திருந்தவள் மாதிரி அக்கா உடனே எடுத்தாள்.

"பாத்துட்டியா?"

அக்காவே சொல்லிக்கொண்டு போனாள், அழுகையில்லாமல், அவசரமில்லாமல். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று யார் ஒத்துக்கொள்கிறார்களோ அவர்களுடைய உருவம் வேலியில் வளருமாம். தினமும் வெட்டினால் மெதுவாக வளரும். வெட்டாமல் ஓடிப்போனால் வேகமாக வளரும். அங்கே ஓர் உறுப்பு முளைத்தால் இங்கே அது போகும். தனக்கு ஒரு காது கேட்காமல் போன பிறகுதான் புரிந்தது என்றாள். வேறொருவர் ஒத்துக்கொண்டால் பழையது அப்படியே நின்றுவிடுமாம்.

"அதுக்கு உனக்கு நான்தான் கிடைச்சேனா?"

"வேற யாரு நான் சொன்னா ஏன்னு கேக்காம வருவா?"

கூடப் பிறந்தவள். காய்ச்சல் வந்தால் விடிய விடிய முழித்திருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள். பாவி, அந்தக் கையால்தானே சாவியையும் கொடுத்தாள். சின்னவளுக்குக் கோபம்கூட வரவில்லை, வலித்தது. மதிலில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில்தான் அது உறைத்தது.

"நான் ஒத்துக்கவே இல்லையேக்கா. பாக்கலாம்னுதானே சொன்னேன்."

"ஆமா," என்றாள் அக்கா. "நீ ஒத்துக்கல." போனை வைத்துவிட்டாள்.

சின்னவள் கதவோரத்து மூலைக்குப் போனாள். புது மேடு. சின்னது. அக்காவுடையதில் பாதிகூட இல்லை. விரலை வைத்தாள். இளம் தளிர். மெத்தென்று இருந்தது. சுழி உச்சியில் இல்லை. நெற்றிக்கு மேலே இருந்தது. அதனால் முன்பக்கத்துத் தளிர்கள் படியாமல் நிமிர்ந்து நின்றன. எத்தனை தண்ணீர் தொட்டுச் சீவினாலும் படியாது. பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில், தினமும் அவள் கையோடு மல்லுக்கட்டும் முடி.

"அம்மா." மகள் வராந்தாவில் நின்றாள். "காலைல நீ கடைக்குப் போனப்புறம் பெரியம்மா போன்ல கேட்டாங்கம்மா. அம்மா களைச்சுப்போய் வருவா, தோட்டத்த நீ பாத்துக்கறியான்னு. நான் சரின்னேன்."

கத்தரி கையில் இருந்தது. வெட்ட வேண்டும். இப்போதே. இந்தத் தலையை. தளிர்களுக்கு நடுவே, இரண்டு இடங்களில், இலைகள் மெல்லப் பிரிந்தன.

"அம்மா, எங்கம்மா இருக்க? லைட்டப் போடேன்."

வராந்தா விளக்கு மகளின் தலைக்கு நேர்மேலே எரிந்துகொண்டிருந்தது. வேலிக்குள் இரண்டு கண்கள் அந்த வெளிச்சத்தில் கூசி, இமைத்து, அம்மாவைத் தேடின.